மழையிலும் மூடுபனியிலும் கரம் போட்டி: பலகையையும் ஸ்ட்ரைக்கரையும் தயார் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் தோட்டத்து இளைஞர் மன்றங்களும் வாசிகசாலைகளும் நடத்தும் கரம் போட்டிகளுக்குப் பலகை தயார் செய்யும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேள்வி பல விதமாக வந்தாலும் நம் பக்கத்தில் பெரும்பாலும் அடியில் இருப்பது ஈரம்தான். அதைக் கவனிக்காமல் பவுடரையும் பலகையையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று இரவு வழுக்கிக்கொண்டு ஓடிய பலகை இன்று காலையில் ஒட்டுகிறது. என்ன நடந்தது?

பலகை தண்ணீர் குடித்திருக்கிறது. கரம் பலகையின் தளம் ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட். மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு இருந்தாலும் அடிப்பக்கமும் ஓரங்களும் பல பலகைகளில் பூச்சில்லாமல்தான் இருக்கும். மூடாமல் வைத்த தேயிலைத்தூள் எப்படி ஒரே இரவில் மொறுமொறுப்பை இழக்கிறதோ, அப்படித்தான் இதுவும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இரவில் பலகை பூட்டிய அறையில் கிடந்து நன்றாகக் குளிர்ந்துவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1868 மீட்டர் உயரம். தை, மாசியில் அங்கே புல்லில் உறைபனி படிவதும் உண்டு. அந்தக் குளிர்ந்த பலகையைக் காலையில் தூக்கிவந்து, ஐம்பது பேர் நனைந்த குடையும் ஜாக்கெட்டுமாக நிற்கும் மண்டபத்தில் வைத்தால், அவர்கள் விடும் மூச்சின் ஈரமெல்லாம் பலகையின் மேல் பனியாகப் படியும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலம்தான். ஆனால் அதன் மேல் பவுடர் விழுந்தால் பசை மாதிரி ஆகிவிடும்.

ஆகவே முதல் வேலை: பலகைகளைப் போட்டி நடக்கும் அறைக்கே முதல் நாள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். பலகையும் அறையும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பவுடரைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டால் சரியாகிவிடாதா?

ஆகாது. இன்னும் மோசமாகும். ஈரத்தின் மேல் போட்ட பவுடர் சிறு சிறு கட்டிகளாகத் திரளும். அதில் ஏறி இறங்கும் காய் கோட்டை விட்டு விலகும். மெதுவாகத் தட்டும் காய் குழி வாசலில் போய் நின்றுவிடும். நடுவில் உள்ள பவுடர் ஸ்ட்ரைக்கரால் தள்ளப்பட்டுச் சட்டத்தின் அடியில் குவியும்போது, சட்டத்தில் பட்டுத் திரும்பும் அடிகள் செத்துப்போகும். முதலில் காய வையுங்கள், அப்புறம் பவுடரை எடுங்கள்.

எப்படிக் காய வைப்பது? அடுப்புப் பக்கம் வைக்கலாமா?

அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் பலகை வளையும். வளைந்த பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம். நேர் வெயிலும் அப்படித்தான். மழை விட்டு வெயில் வந்ததும் வாசலில் சாத்தி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பலகைக்கும் மேலே தகர மூடி போட்ட ஒரு குண்டு பல்ப் தொங்கும். 60 அல்லது 100 வாட். அது வெளிச்சத்துக்கு மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அந்தச் சூடுதான் பலகையை நாள் முழுக்க உலர்வாக வைத்திருந்தது. இப்போது எல்லா மண்டபங்களிலும் எல்.ஈ.டி. பல்ப். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, மின்கட்டணமும் குறைவு, ஆனால் கீழே சூடு வருவதில்லை. “இந்தக் காலத்துப் பவுடர் சரியில்லை” என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதில் ஒரு பங்கு இந்த பல்ப் மாற்றத்தைச் சேரும் என்பது என் கணிப்பு.

பழைய வகை பல்ப் கிடைத்தால் போட்டி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, பலகையிலிருந்து இரண்டரை மூன்று அடி உயரத்தில் தொங்கவிட்டு எரியவிடுங்கள். மூடி தகரமாக இருக்கட்டும். பத்திரிகைத்தாளைச் சுற்றிவிடுவது தீப்பிடிக்க வழி. பல்ப் கிடைக்காத இடத்தில் உலர்ந்த பருத்தித் துணியால் தளத்தை நன்றாகத் துடைத்து, கூந்தல் உலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் தளம் முழுக்க நகர்த்திக் காட்டலாம். புறங்கையைத் தளத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை, அல்லது இன்னும் குளிர் விடவில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

பலகையைத் தண்ணீரில், மண்ணெண்ணெயில், ஸ்பிரிட்டில் துடைக்கலாமா?

மூன்றும் வேண்டாம். தண்ணீர் பூச்சின் கீறல் வழியாக மரத்துக்குள் இறங்கும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். ஸ்பிரிட்டும் தின்னரும் சில வார்னிஷ்களையே கரைத்துவிடும். பழைய பவுடரை மென்மையான துணியால் மூலையிலிருந்து மூலைக்குத் துடைத்தெடுத்தாலே போதும். கை வியர்வையும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து கறுத்துப்போன இடங்கள் இருக்கும், முக்கியமாக அடிக்கோடுகளை ஒட்டி. அங்கே துணியை அழுத்திப் பலமுறை தேய்க்க வேண்டும். வாய் வைத்து ஊதாதீர்கள். மூச்சிலும் ஈரம்தான் இருக்கிறது.

சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தால் வேகம் கூடுமாமே?

ஒரு வாரம் கூடும். அதன்பின் பலகை போய்விடும். தேய்க்கும்போது பூச்சு சமமாகப் போகாது. எங்கே கை அதிகம் அழுந்தியதோ அங்கே பள்ளம் விழும், மரம் வெளியே தெரிந்த இடத்தில் ஈரம் நேராக உள்ளே போகும். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது யாராவது சேண்ட் பேப்பரோடு வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மெழுகும் தளபாடப் பொலிஷும் இதே கதை. முதலில் பளபளக்கும். பவுடர் போட்டதும் அதில் ஒட்டிக்கொண்டு தளம் பிசுபிசுக்கும். பூச்சு உண்மையிலேயே உரிந்துபோயிருந்தால், பலகை செய்யும் தச்சரிடம் கொடுத்து மறுபூச்சு போடுவது நல்லது. ஆனால் அதைப் போட்டிக்குப் பல வாரம் முன்பே செய்ய வேண்டும். ஈரக் காற்றில் புதிய பூச்சு இறுகப் பிந்தும்.

எந்தப் பவுடர் நல்லது? முகத்துக்குப் போடும் பவுடர் போட்டால் என்ன?

போட்டிகளில் நெடுங்காலமாகப் பயன்படுவது மிக நுண்ணிய போரிக் பவுடர். போரிக் அமிலத்தின் படிகம் மெல்லிய அடுக்குகளாக அமைந்தது. ஓர் அடுக்கு மற்றதன் மேல் எளிதில் சறுக்கும். அதனால்தான் ஒரு சிட்டிகையிலேயே ஸ்ட்ரைக்கர் பறக்கிறது. மருந்துக் கடையில் கிடைப்பது சில நேரம் சொரசொரப்பாக இருக்கும். இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள், மணல் போல நெருடினால் பலகைக்கு ஆகாது.

முகப்பவுடரில் வாசனைப் பொருளும் வேறு சேர்மானங்களும் இருப்பதால் சீக்கிரம் தளத்தில் அப்பிக்கொள்ளும். லயத்து வாசலில் பொழுதுபோக்குக்கு விளையாடும்போது கிடைத்ததைப் போடுங்கள், யார் கேட்கப்போகிறார்கள். போட்டிப் பலகையில் வேண்டாம். அரிசி மாவு, சோள மா வகைகளும் வேண்டாம். நம் குளிரில் அவை ஈரத்தைக் குடித்துக் களியாகிவிடும்.

போரிக் பவுடர் விஷமா?

விழுங்கினால் உடலுக்குக் கெடுதி, குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. டப்பாவின் மேல் பெயர் எழுதி, சீனி, மா, பால்மா இருக்கும் இடத்தில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். புகை போலப் பறக்கும்படி தூவக்கூடாது. விளையாடிவிட்டுக் கை கழுவாமல் ரொட்டியில் கை வைக்கக்கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் வரும் கைகளில் காயம் இல்லாத நாளே குறைவு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எவ்வளவு போட வேண்டும்? எப்படிப் பரப்ப வேண்டும்?

மெல்லிய மல் துணியில் கொஞ்சம் பவுடரைக் கட்டி, அந்தப் பொட்டலத்தால் பலகையின் மேல் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். கட்டியெல்லாம் துணிக்குள் நின்றுவிடும், நுண்ணியது மட்டும் விழும். பிறகு வேறு ஓர் உலர்ந்த துணியால் வட்டமாகப் பரப்புங்கள். உள்ளங்கையால் பரப்புவது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் வியர்வை அங்கேதான் பலகைக்குப் போகிறது. பரப்பி முடித்தபின் தளத்தின் கோடுகள் மங்காமல் தெளிவாகத் தெரிய வேண்டும். வெள்ளைப் பூச்சு பூசியது போல இருந்தால் பாதியைத் துடைத்தெடுங்கள்.

கடைசியாகச் சட்டத்தின் உட்பக்க அடியை, நான்கு பக்கமும், துணி சுற்றிய விரலால் ஒரு முறை இழுத்து விடுங்கள். நான்கு மூலைக் குழிகளின் வாயையும் அப்படியே. நேரமில்லை என்று இதை விட்டுவிடுபவர்கள்தான் பிறகு “சட்டத்தில் பட்டால் காய் திரும்பவில்லை” என்று வருகிறார்கள்.

வேகம் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதியிலேயே அளவு இருக்கிறது. 15 கிராம் எடையுள்ள வழவழப்பான ஸ்ட்ரைக்கரை அடிக்கோட்டின் நடுவிலிருந்து முழு பலத்துடன் நேராக அடித்தால், அது எதிர்ச்சட்டத்துக்கும் நம் பக்கச் சட்டத்துக்கும் இடையே மூன்றரை முறை போய்வர வேண்டும். 1988ல் சென்னையில் தொடங்கப்பட்ட அந்தச் சம்மேளனத்தின் விதிகளைத்தான் பெரிய போட்டிகள் பின்பற்றுகின்றன.

பலம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் எல்லாப் பலகையையும் ஒரே ஆள், ஒரே ஸ்ட்ரைக்கரால் சோதிப்பதே முறை. மூன்றரை வரவில்லை என்றாலும் எல்லாப் பலகையும் ஒரே மாதிரி மூன்று வருகிறதா, பிரச்சினை இல்லை. ஒன்று நான்கும் மற்றொன்று இரண்டுமாக இருந்தால்தான் போட்டி கெடும். நல்ல பலகையை ஓர் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பினால், இறுதி ஆட்டம் முடிந்தபின்னும் கடைத்தெரு வரை அது ஓடும். வேகமான பலகையின் பவுடரைக் கொஞ்சம் துடைத்து மெதுவான பலகைக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது எளிது. மெதுவானதை வேகமாக்குவதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

காய் தானாக ஒரு மூலைக்கு நகர்கிறது. இதுவும் ஈரமா?

பெரும்பாலும் இல்லை, மட்டம் சரியில்லை. நம் மண்டபங்களின் சிமெந்துத் தரை எங்கே சமமாக இருக்கிறது? மேசன் பாஸ் சுவரில் வைத்துப் பார்க்கும் நீர்மட்டத்தை இரவல் வாங்கி, நீளம், குறுக்கு, இரண்டு மூலைவிட்டம் என நான்கு பக்கமும் பாருங்கள். தாழ்ந்த காலின் கீழ் மடித்த அட்டை வைத்தால் போதும். ஆட்கள் அமர்ந்து கையை ஊன்றும்போது அட்டை அமுங்கும் என்பதால், வைத்தபின் பலகையை ஒரு முறை அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் காய் நகர்ந்தால் பலகையே வளைந்திருக்கிறது. அதைப் போட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

என் ஸ்ட்ரைக்கரின் தளத்தை நானே தேய்த்து மாற்றலாமா?

இந்தக் கேள்வியைத்தான் இளம் வீரர்கள் அதிகம் கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விதிப்படி ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 சென்ரிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, எடை 15 கிராமைத் தாண்டக்கூடாது. உலோகத்தால் செய்ததாக இருக்கக்கூடாது. பிறகு, அது வட்டமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். இந்த எல்லைக்குள் நீங்கள் செய்யக்கூடியது துப்புரவும் மெருகும்தான்.

முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். மாதக்கணக்கில் சேர்ந்த பவுடரும் விரல் எண்ணெயும் போனாலே புதிது போல ஓடும். “தேய்ந்துவிட்டது” என்று தூக்கிப்போடும் ஸ்ட்ரைக்கர்களில் பல இதிலேயே பிழைத்துவிடுகின்றன. அதற்குப் பிறகும் ஒரு பக்கம் இழுத்தால் தளத்தில் கீறல் இருக்கிறதா பாருங்கள். விரல் நகத்தை ஓட்டினால் மாட்டும். அப்போது மிக நுண்ணிய, 1000க்கு மேல் எண் உள்ள தண்ணீர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் சேண்ட் பேப்பர்) கண்ணாடித் துண்டின் மேல் விரித்து, ஸ்ட்ரைக்கரை அதில் தட்டையாக வைத்து, எட்டு என்று எழுதுவது போல மெதுவாக நகர்த்துங்கள். கையில் பிடித்துக்கொண்டு தேய்த்தால் ஓரம் சரிந்துவிடும்.

ஓரத்தைத் தொடாதீர்கள். காயைத் தொடுவது ஓரம்தான். அதில் ஓர் இடம் தட்டையானால், எந்தக் கோணத்தில் பட்டாலும் காய் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியாது. ஓரம் உடைந்த ஸ்ட்ரைக்கருக்கு வைத்தியம் கிடையாது, புதிது வாங்குங்கள்.

எடை பார்க்க நகரத்து நகைக்கடையில் கேட்டால் சிரித்துக்கொண்டே நிறுத்துக் கொடுப்பார்கள். போட்டிக் காலையில் நடுவர் நிறுத்துப் பார்த்து மறுப்பதைவிட அது மேல்.

வேகப் பலகைக்கு ஒன்று, மெதுவான பலகைக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருக்கலாமா?

வைத்திருங்கள். எடை குறைந்தது வேகமான பலகையில் கட்டுக்குள் இருக்கும், 15 கிராமை ஒட்டியது ஈரம் பிடித்த பலகையில் காயைத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டோடும் சமமாகப் பழகியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. போட்டிக்கு முதல் நாள் வாங்கிய ஸ்ட்ரைக்கரைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.

காய்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

மரக்காய்கள் என்றால் அவசியம். காயின் விட்டம் 3.02 முதல் 3.18 சென்ரிமீட்டர், கனம் 7 முதல் 9 மில்லிமீட்டர், எடை 5 முதல் 5.5 கிராம் வரை இருக்கலாம். நம் மழைக்காலத்தில் ஈரம் குடித்த காய் கனத்து, ஓரம் சொரசொரத்து நிற்கும். உலர்ந்த துணியால் இரு பக்கமும் தேய்த்து, இறுக்கமாக மூடும் டின்னில் போட்டு, புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டை உள்ளே வையுங்கள். பழைய தொகுதியில் காய் தொலைந்தால் புதுக்காய் ஒன்றைக் கலக்காதீர்கள், அது மட்டும் தனியாக ஓடும்.

கொழும்பிலிருந்து புதுப் பலகை வரவழைக்கிறோம். எதைக் கவனிப்பது?

விளையாடும் தளம் பக்கத்துக்கு 73.5 முதல் 74 சென்ரிமீட்டர் வரை இருக்க வேண்டும், தளத்தின் கனம் 8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. மலிவாகக் கிடைக்கும் 4 மில்லிமீட்டர் பலகை நம் காலநிலையில் ஒரு மழைக்காலம் தாண்டாது. கனமான பலகைக்குக் கொடுக்கும் காசு வீணாவதில்லை. அடிப்பக்கம் பூச்சில்லாமல் வந்தால், வந்த கையோடு ஒரு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள். தளத்தைத் தொட வேண்டாம். அப்புறம், லொறியில் இருந்து இறக்கிய அன்றே போட்டி வைக்காதீர்கள். சூடான ஊரிலிருந்து வந்த மரம் நம் குளிருக்குப் பழகச் சில நாட்கள் எடுக்கும்.

பண்டாரவளையில் நன்றாக ஆடும் நான் அட்டனுக்கு வந்தால் ஏன் சொதப்புகிறேன்?

மலை ஒன்றாக இருந்தாலும் மழை ஒன்றில்லை. மே முதல் செப்டம்பர் வரையான தென்மேல் பருவப்பெயர்ச்சி மேற்குச் சரிவில்தான் கொட்டுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் சேர்ந்தது. அதே மாதங்களில் மலைத்தொடருக்கு அந்தப்பக்கம் ஊவாவில், பண்டாரவளை, வெலிமடை பகுதிகளில், காற்று உலர்ந்து வீசும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவப்பெயர்ச்சியில் கதை தலைகீழாகி, பதுளைப் பக்கம் நனையும்.

ஆகவே ஜூலையில் ஊவாவிலிருந்து வருபவர் மெதுவான பலகையை எதிர்பார்த்து வர வேண்டும். கிடைக்கும் பயிற்சி நேரத்தைக் காய் போடுவதில் செலவழிக்காதீர்கள். சட்டத்தில் பட்டுத் திரும்பும் அடிகளை மட்டும் அடித்து, ஸ்ட்ரைக்கர் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். அடியின் பலத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டால், குறி தானாக வரும்.

ஆட்டத்தின் நடுவில் பவுடர் போடலாமா?

நடுவரைக் கேட்டுத்தான். பலகை உங்களுடையது மட்டுமல்ல, எதிரில் இருப்பவருக்கும் அதே தளம்தான். பவுடர் கட்டியாகியிருந்தால் சுட்டிக்காட்டுங்கள், அவர் துடைக்கச் சொல்வார். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவேளையில் போடுவதே யாருக்கும் மனக்குறை வராத வழி.

விரல் விறைத்துப் போகிறது. அதற்கு?

கையுறை போட்டுக்கொண்டு காத்திருங்கள், ஆடும்போது கழற்றுங்கள். சூடான தேநீர்க் கோப்பையைக் கையில் பிடிப்பதும் நல்லதுதான். கோப்பையின் அடியில் உள்ள ஈரத்தோடு அதைப் பலகைச் சட்டத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

இங்கே பழகியவர்கள் பெரிய போட்டிகளில் ஆட முடியுமா?

ஏன் முடியாது? 2012ல் கொழும்பில் நடந்த உலக சம்பியன்ஷிப்பில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ. கரத்துக்கு மைதானமும் வேண்டாம், உயரமும் வேண்டாம். ஆனால் நம் பிள்ளைகள் ஈரப் பலகையிலேயே பழகி, பலமாக அடிக்கும் பழக்கத்தோடு சமவெளிக்குப் போகிறார்கள். அங்கே வேகப் பலகையில் காய் குழியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. வாரத்தில் ஒரு நாளாவது பலகையை ஒழுங்காகக் காய வைத்து, மூன்றரை ஓட்டத்தில் பழக்குங்கள்.

போட்டி முடிந்ததும் பலகையை எப்படி வைப்பது?

பவுடரை முழுக்கத் துடைத்தெடுத்து, துணி உறை போட்டு, வெளிச்சுவரில் சாய்க்காமல் உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து நாலு அங்குலமாவது உயர்த்தி வையுங்கள். தட்டையாகப் படுக்க வைக்க இடமிருந்தால் இன்னும் நல்லது, மேலே கதிரை அடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொலித்தீன் உறை வேண்டாம். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் இரண்டு வாரத்தில் பூஞ்சணம் பிடித்து, தளம் முழுக்கக் கறுப்புப் புள்ளி விழும்.